இசிஇ (எலக்ட்ரானிக்ஸ் அண்ட் கம்யூனிகேஷன் இன்ஜினியரிங்) எடுக்கலாமா என்று கேட்பவர்களுக்கு, கொஞ்சம் விரிவாக

பிளஸ் டூ ரிசல்ட் வந்து கவுன்சலிங் தேதி அறிவித்ததும் எனக்கு வரும் போன்களில் பாதி ஒரே கேள்வியோடுதான் வருகின்றன. "பையனுக்கு சிஎஸ்இ கிடைக்காது போல இருக்கு, இசிஇ போட்டுடலாமா? எப்படியும் ஐடி கம்பெனில எடுத்துக்குவாங்கதானே?" எடுத்துக்கொள்வார்கள். கேம்பஸுக்கு வரும் பெரிய ஐடி நிறுவனங்கள் பெரும்பாலும் எல்லாப் பிரிவு மாணவர்களையும் தேர்வு எழுத விடுகின்றன, இசிஇ படித்த ஏராளமானவர்கள் அங்கே போய் நன்றாகவும் இருக்கிறார்கள், அதில் ஒரு தப்பும் இல்லை. ஆனால் அதற்காக மட்டும் இந்தப் பிரிவை எடுக்காதீர்கள் என்றுதான் சொல்வேன். எலக்ட்ரோமேக்னெடிக் ஃபீல்ட்ஸும் டிரான்ஸ்மிஷன் லைன்ஸும் படித்து, அரியர் விழுந்து, அதை முட்டி மோதி எடுத்து, கடைசியில் ஜாவா எழுதப் போவதற்கு நான்கு வருடம் ரொம்ப நீளம்.

நான் கோவைப் பக்கம் ஒரு சின்ன கம்பெனியில் ஹார்டுவேர் டிசைன் பார்க்கிறேன். விவசாயி வீட்டில் இருந்தபடியே தோட்டத்து மோட்டாரை போனில் ஆன் செய்கிற மொபைல் ஸ்டார்ட்டர், தண்ணீர் வற்றினால் மோட்டாரை நிறுத்துகிற கன்ட்ரோலர், இந்த மாதிரிப் பொருட்கள். படித்தது தென் மாவட்டத்தில் அண்ணா பல்கலைக்கழகத்தோடு இணைந்த ஒரு சாதாரணக் கல்லூரி. புதிதாக வேலைக்கு வரும் பிள்ளைகளை இன்டர்வியூ செய்வதும் இப்போது என் பொறுப்பில் இருப்பதால், கல்லூரியில் என்ன நடக்கிறது, வேலையில் என்ன கேட்கிறார்கள் என்ற இரண்டு பக்கமும் எனக்குத் தெரிகிறது. இரண்டுக்கும் நடுவில் இருக்கும் இடைவெளியைப் பற்றித்தான் இந்தப் பதிவு.

முதலில் என்ன படிக்கப்போகிறீர்கள் என்று பார்த்துவிடலாம். முதல் வருடம் பெரும்பாலும் எல்லாப் பிரிவுக்கும் பொதுவான கணக்கு, இயற்பியல், வேதியியல், பைத்தான். அப்புறம் சர்க்யூட் அனாலிசிஸ், எலக்ட்ரானிக் டிவைசஸ், டிஜிட்டல், சிக்னல்ஸ் அண்ட் சிஸ்டம்ஸ், கன்ட்ரோல் சிஸ்டம்ஸ், எலக்ட்ரோமேக்னெடிக் ஃபீல்ட்ஸ், லீனியர் ஐசி, கம்யூனிகேஷன் என்று வரிசையாக வரும். அதற்கு மேல் மைக்ரோகன்ட்ரோலர் (ஒரே சிப்பில் அடங்கிய குட்டிக் கம்ப்யூட்டர்), விஎல்எஸ்ஐ (சிப் வடிவமைப்பு), டிஎஸ்பி (டிஜிட்டல் சிக்னல் ப்ராசஸிங்), ஆன்டெனா. பாடத்திட்டம் மோசம் என்று நான் சொல்லமாட்டேன், இந்தத் தலைப்புகள் எல்லாமே தேவைதான். சிக்கல் என்னவென்றால் ஒவ்வொன்றும் தனித்தனி பேப்பராக, தனித்தனி ஆசிரியராக, தனித்தனி இரண்டு மார்க் கேள்விகளாக வருகிறது. ஒரு அலையை அதற்குள் இருக்கும் அதிர்வெண்களாகப் பிரித்துக் காட்டுகிற ஃபூரியர் டிரான்ஸ்ஃபார்மை எடுத்துக்கொள்ளுங்கள். கணக்குப் பேப்பரில் ஒரு தடவை வரும், சிக்னல்ஸில் ஒரு தடவை, கம்யூனிகேஷனில் ஒரு தடவை, டிஎஸ்பியில் இன்னொரு தடவை. ஒவ்வொரு இடத்திலும் குறியீடு மாறும், கேள்வி கேட்கும் விதம் மாறும். எல்லாம் ஒரே விஷயம்தான், உங்கள் போனில் பேச்சை அனுப்புவதும் மின் அலையைத் திரையில் காட்டுகிற ஆஸிலாஸ்கோப்பில் இரைச்சலைத் தேடுவதும் அதே கணக்குதான் என்று ஒருவர் பக்கத்தில் உட்கார்ந்து சொன்னால் பாதிப் பயம் போய்விடும். அப்படிச் சொல்கிற ஆசிரியர் கிடைத்தவர்கள் கொடுத்துவைத்தவர்கள். எனக்கு அப்படி ஒரு மேடம் இருந்தார், இன்றைக்கும் நன்றியோடு நினைத்துக்கொள்கிறேன்.

இந்தப் படிப்பின் சாரமே இந்தச் சேர்க்கையில்தான் இருக்கிறது. டிரான்சிஸ்டரைத் தெரிந்தவர், சி மொழி தெரிந்தவர், ஆன்டெனா தெரிந்தவர் என்று தனித்தனியாக ஆட்கள் உண்டு. இவை எல்லாம் ஒரே போர்டில், ஒரே டப்பாவுக்குள், வெயிலிலும் மழையிலும் மின்சாரம் ஏறி இறங்கும் லைனிலும் ஐந்து வருடம் ஒழுங்காக ஓடவேண்டும் என்றால் எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்கிற ஒருவர் வேண்டும். அவர்தான் எலக்ட்ரானிக் சிஸ்டம்ஸ் இன்ஜினியர். கல்லூரி துண்டுகளைக் கொடுக்கும். சேர்ப்பதை நீங்கள்தான் செய்யவேண்டும், அதைப் படிக்கும்போதே ஒரு தடவையாவது செய்து பார்த்த பிள்ளையை இன்டர்வியூவில் பத்து நிமிடத்தில் கண்டுபிடித்துவிடலாம்.

இது எப்படி இருக்கும் என்று எங்கள் வேலையிலிருந்தே ஒரு உதாரணம் சொல்கிறேன். மொபைல் ஸ்டார்ட்டர் போர்டில் ஒரு மைக்ரோகன்ட்ரோலர் இருக்கும், 3.3 வோல்ட்டில் ஓடும். அது ஒரு சின்ன ரிலேயை (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) இயக்கும், ரிலே ஒரு பெரிய கான்டாக்டரின் (மோட்டாருக்கான பெரிய சுவிட்ச்) காயிலுக்கு, அதாவது கம்பிச்சுருளுக்கு, மின்சாரம் கொடுக்கும், கான்டாக்டர்தான் மோட்டாரை ஓட்டும். மேசையில் வைத்து டெஸ்ட் பண்ணினால் போர்டு அருமையாக வேலை செய்யும். தோட்டத்தில் மாட்டினால், மோட்டாரை ஆஃப் செய்கிற ஒவ்வொரு தடவையும் கன்ட்ரோலர் ரீசெட் ஆகும். ரீசெட் ஆனதும் அது முதலிலிருந்து தொடங்கும், ஆட்டோ ஸ்டார்ட் மோடில் இருந்தால் மோட்டாரைத் திரும்ப ஓடவிடும். விவசாயி ஆஃப் செய்கிறார், மோட்டார் திரும்ப ஓடுகிறது. கிணறு வற்றும் நேரத்தில் இப்படி நடந்தால் மோட்டார் தண்ணீரில்லாமல் ஓடிக் கருகிவிடும், அந்த மோட்டாரைக் கட்டி எடுக்க ஆகும் செலவு அவருக்குச் சாதாரணமானது கிடையாது.

புதிதாக வந்தவர் முதலில் ப்ரோக்ராம் கோடில் தப்பு தேடுவார். மைக்ரோகன்ட்ரோலருக்குள் கடைசி ரீசெட் எதனால் வந்தது என்று பதிவு செய்கிற ஒரு ரெஜிஸ்டர் உண்டு, அதைப் படித்தால் பிரவுன்-அவுட் என்று சொல்லும், அதாவது சப்ளை வோல்டேஜ் ஒரு கணம் கீழே இறங்கியிருக்கிறது. சரி, ஆஸிலாஸ்கோப்பை எடுத்து 3.3 வோல்ட் லைனில் வைத்தால் ஒரு பெரிய ஊசி மாதிரி அலை தெரியும். அதை அப்படியே நம்பக்கூடாது. புரோப்பில் தொங்குகிற முதலை கிளிப் ஒயரே ஒரு சின்ன ஆன்டெனா மாதிரி இரைச்சலைப் பிடிக்கும், அதைக் கழற்றிவிட்டு நுனியில் மாட்டுகிற குட்டி ஸ்பிரிங்கை வைத்து அளந்தால்தான் உண்மையான உருவம் தெரியும். அப்புறம் கான்டாக்டரைக் கழற்றிவிட்டு ரிலேயை மட்டும் கிளிக் செய்து பாருங்கள், ரீசெட் வராது. ஆக, போர்டில் உள்ள ரிலே காயில் குற்றவாளி இல்லை, அது கிளப்புகிற வோல்டேஜை அடக்கத்தான் ஒரு டயோடு போட்டிருக்கிறோமே. குற்றவாளி வெளியே இருக்கும் கான்டாக்டர் காயில். அதில் ஓடிக்கொண்டிருந்த மின்னோட்டத்தை ரிலே முனைகள் சட்டென்று அறுக்கும்போது காயில் பெரிய வோல்டேஜை உண்டாக்கும், முனைகளுக்கு நடுவில் பொறி பறக்கும், அந்தப் பொறி காற்றிலும் கிரவுண்டு லைனிலும் ஏறி வந்து கன்ட்ரோலரை ஆட்டிவிடும். மருந்து ரொம்ப எளிது: கான்டாக்டர் காயிலுக்குக் குறுக்கே 100 ஓம் ரெசிஸ்டரும் 0.1 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டரும் தொடராக இணைத்து அந்த வோல்டேஜை உறிஞ்சிக்கொள்கிற ஒரு ஸ்னப்பர், போர்டில் ரிலே பகுதியின் கிரவுண்டு கன்ட்ரோலரின் கிரவுண்டோடு கலக்காதபடி பாதை, கன்ட்ரோலரின் பவர் பின்னுக்கு ஒட்டினாற்போல் ஒரு 100 நானோஃபாரட் கெப்பாசிட்டர்.

இந்த ஒரு கோளாறுக்குள் எத்தனை பேப்பர் இருக்கிறது என்று எண்ணிப் பாருங்கள். மின்னோட்டத்தை அறுத்தால் காயில் எதிர்ப்பதும் பொறி காற்றில் பரவுவதும் எலக்ட்ரோமேக்னெடிக் ஃபீல்ட்ஸ். ஸ்னப்பர் மதிப்பைக் கணக்கிடுவது சர்க்யூட் அனாலிசிஸில் எல்லோரும் வெறுக்கிற அந்த ஆர்எல்சி (ரெசிஸ்டர், காயில், கெப்பாசிட்டர்) டிரான்சியன்ட். டயோடு ஏன் என்பது டிவைசஸ். ரீசெட் ரெஜிஸ்டர் மைக்ரோகன்ட்ரோலர். ஆஸிலாஸ்கோப்பின் பேண்ட்வித் போதுமா என்பது சிக்னல்ஸ். இவை ஐந்திலும் நல்ல கிரேடு வாங்கிய பிள்ளைகள் இந்தக் கோளாறு முன்னால் திகைத்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன், அவர்கள் மேல் எனக்குக் கோபம் வருவதே இல்லை. ஐந்தும் ஒரே போர்டில் சந்திக்கும் என்று அவர்களுக்கு யாரும் காட்டவில்லை.

எலக்ட்ரானிக் சிஸ்டம்ஸ் என்றே பெயர் வைத்து இதைச் சொல்லிக்கொடுக்கிற இடங்களும் இருக்கின்றன, நம் பிள்ளைகளுக்கு அதிகம் தெரிவதில்லை. பெங்களூரு ஐஐஎஸ்சியில் (இந்திய அறிவியல் கழகம்) 1974ல் சுவிட்சர்லாந்து உதவியோடு சிஇடிடி என்று ஒரு மையம் தொடங்கினார்கள், எலக்ட்ரானிக்ஸ் டிசைனைத் தொழிற்சாலைக்குத் தேவைப்படுகிற மாதிரி, ஒரு பொருளைக் கையில் செய்து முடிக்கிற அளவுக்குச் சொல்லிக்கொடுக்கவேண்டும் என்பதுதான் நோக்கம். இப்போது அது எலக்ட்ரானிக் சிஸ்டம்ஸ் இன்ஜினியரிங் துறை. பிஇ முடித்தவர்கள் மேல்படிப்புக்கு எழுதுகிற கேட் தேர்வில் நல்ல ரேங்க் எடுத்தால் அங்கே எம்டெக் சேரலாம். கேட்டுக்குத் தயாராகிற பலர் ஐஐடி, விஎல்எஸ்ஐ என்று மட்டும் பார்த்து இந்தத் துறையைத் தாண்டிப் போய்விடுகிறார்கள், தயவுசெய்து பட்டியலில் வையுங்கள்.

இன்னொன்று ஐஐடி மெட்ராஸ் 2023ல் தொடங்கிய பிஎஸ் எலக்ட்ரானிக் சிஸ்டம்ஸ் என்ற பட்டப்படிப்பு. ஜேஇஇ தேவையில்லை. பிளஸ் டூவில் கணக்கும் இயற்பியலும் படித்திருக்கவேண்டும், நான்கு வாரப் பாடத்தைப் படித்து ஒரு தகுதித் தேர்வில் தேறவேண்டும். பாடங்கள் ஆன்லைனில், தேர்வுகள் மையத்துக்குப் போய், லேப் பாடங்களுக்குச் சென்னை கேம்பஸுக்கே போகவேண்டும். நடுவில் நிறுத்தவேண்டி வந்தால் ஃபவுண்டேஷன் சான்றிதழோடோ டிப்ளமோவோடோ வெளியே வரலாம். வயது வரம்பு இல்லை என்பதால் வேலை பார்த்துக்கொண்டே படிக்கிறவர்களுக்கு இது பெரிய வாசல். அதே சமயம் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன்: தனியாக உட்கார்ந்து படிக்கிற பழக்கம் இல்லாத பதினேழு வயதுப் பிள்ளையை இதில் மட்டும் சேர்த்துவிட்டுக் கல்லூரியே வேண்டாம் என்று முடிவெடுக்க நான் துணிய மாட்டேன். லேபில் பக்கத்து பெஞ்ச் நண்பனோடு சண்டை போட்டுக்கொண்டே கற்றுக்கொள்கிற விஷயங்கள் நிறைய இருக்கின்றன.

சரி, வேலைக்கு வருவோம். எல்லோரும் இப்போது கேட்பது விஎல்எஸ்ஐ. 2021 டிசம்பரில் மத்திய அரசு 76,000 கோடி ரூபாய்க்கு செமிகண்டக்டர் திட்டத்தை அறிவித்தது, குஜராத்தின் தோலேராவில் டாடா சிப் தொழிற்சாலை கட்டுகிறது, அசாமில் சிப்பை உறையிட்டுச் சோதிக்கிற பேக்கேஜிங் ஆலை வருகிறது, இதையெல்லாம் செய்தியில் பார்த்துவிட்டு, "சிப் ஃபேக்டரி வருது, அதனால விஎல்எஸ்ஐ எடுக்கலாம்" என்று பெற்றோர்கள் சொல்கிறார்கள். இரண்டும் வேறு வேறு வேலை. சிப்பை உற்பத்தி செய்கிற ஆலைக்கு வேதியியல், இயற்பியல், மெக்கானிக்கல் படித்தவர்களும் நிறையத் தேவை. சிப்பை வடிவமைக்கிற வேலை ஆலை இல்லாமலே நம் நாட்டில் பல வருடங்களாக நடக்கிறது, டெக்சாஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் பெங்களூருக்கு வந்தது 1985ல். இப்போது பெங்களூரு, ஹைதராபாத், நொய்டா, சென்னை எல்லா இடங்களிலும் சிப் டிசைன் நடக்கிறது. ஐஐடி மெட்ராஸில் சக்தி என்ற ப்ராசஸரை ஆர்ஐஎஸ்சி-ஃபைவ் என்ற, எல்லோருக்கும் திறந்த வடிவமைப்பின் அடிப்படையில் உருவாக்கினார்கள், அங்கிருந்து வளர்ந்த மைண்ட்குரோவ் என்ற ஸ்டார்ட்-அப் சொந்தமாகச் சிப் வடிவமைத்து வெளியிட்டிருக்கிறது. நம் ஊரிலிருந்து இது நடக்கிறது என்பதே எனக்குப் பெரிய சந்தோஷம்.

சிப் டிசைன் என்று சொன்னாலும் அதற்குள் ஆர்டிஎல் (சிப் செய்யவேண்டியதைக் கோடாக) எழுதுவது, வெரிஃபிகேஷன் (அது சரியா என்று சோதிப்பது), ஃபிசிகல் டிசைன், டெஸ்டுக்கான வடிவமைப்பு, அனலாக் லேஅவுட் என்று பல அறைகள். பிஇ முடித்ததும் உள்ளே போவதற்கு நான் பார்த்தவரை வெரிஃபிகேஷன்தான் எளிதான கதவு. ஆலைக்கு அனுப்பிய பிறகு சிப்பில் ஒரு தப்பு கண்டுபிடித்தால் சிப்பை அச்சடிக்க உதவும் மாஸ்க்கைத் திரும்பச் செய்ய கோடிக்கணக்கில் செலவாகும், மாதக்கணக்கில் காத்திருக்கவும் வேண்டும், அதனால் அனுப்புவதற்கு முன்பு எல்லா விதத்திலும் உடைத்துப் பார்ப்பதற்கு ஆட்கள் அதிகம் வேண்டும். வெரிலாக், சிஸ்டம்வெரிலாக் என்ற மொழிகளும் யூவிஎம் என்ற சோதனை முறையும் கற்றுக்கொள்ளவேண்டும், ப்ரோக்ராமிங் நன்றாக வரவேண்டும், எல்லாவற்றையும் சந்தேகப்படுகிற மனசு வேண்டும். இதற்கு லட்சக்கணக்கில் பணம் வாங்கிக்கொண்டு நூறு சதவீதம் வேலை என்று சொல்கிற பயிற்சி நிலையங்கள் இருக்கின்றன. என் சித்தப்பா மகள் அப்படி ஒன்றில் கடன் வாங்கிச் சேர்ந்தாள். படிப்பு பாதிக்கு மேல் பதிவு செய்த வீடியோதான், பிளேஸ்மென்ட் என்று சொன்னது நான்கைந்து இடங்களுக்கு ரெஸ்யூமே அனுப்பியதோடு முடிந்தது. பணம் கட்டுவதற்கு முன் அங்கே போன வருடம் படித்தவர்களை நீங்களாகவே தேடிப்பிடித்துப் பேசுங்கள். இக்காரஸ் வெரிலாக், வெரிலேட்டர், யோசிஸ், ஓப்பன்லேன் என்ற சிப் டிசைன் சாஃப்ட்வேர்கள் எல்லாமே இலவசம், ஸ்கைவாட்டர் ஆலையின் 130 நானோமீட்டர் டிசைன் விவரங்களே 2020ல் எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டன. ஐஐடிகளின் ஆன்லைன் பாடத் தளமான என்பிடெலில் வகுப்புகள் இலவசம். முதல் ஆறு மாதம் ஒரு பைசா செலவில்லாமல் போகலாம், அதற்குப் பிறகும் பிடித்திருந்தால் பணத்தைப் பற்றி யோசியுங்கள்.

எம்பெடட், அதாவது ஒரு கருவிக்குள் இருக்கும் மைக்ரோகன்ட்ரோலருக்கு ப்ரோக்ராம் எழுதுவது, எனக்கு நெருக்கமான துறை, அதனால் கொஞ்சம் சார்பாகத்தான் பேசுவேன். சி மொழியில் ஆழமாக எழுதத் தெரியவேண்டும், ஒரு சிப்பின் முழு விவரம் சொல்கிற டேட்டாஷீட்டை ஐநூறு பக்கம் இருந்தாலும் பயப்படாமல் திறந்து தேவையான பக்கத்தைக் கண்டுபிடிக்கத் தெரியவேண்டும். தமிழ்நாட்டில் இதற்கு இப்போது வண்டித் தொழில்தான் பெரிய களம். சென்னையைச் சுற்றி இருங்காட்டுக்கோட்டை, ஒரகடம், அந்தப் பக்கம் ஓசூர், கிருஷ்ணகிரி என்று கார், டூவீலர் கம்பெனிகளும் அவற்றுக்குப் பாகம் செய்கிறவர்களும் இருக்கிறார்கள். ஒரு காருக்குள் டஜன் கணக்கில் கன்ட்ரோலர்கள், அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்வதற்கு பாஷ் நிறுவனம் 1986ல் அறிமுகம் செய்த கேன் பஸ் இன்றைக்கும் ஓடுகிறது. மின்சார வண்டி வந்த பிறகு பேட்டரி மேலாண்மை என்று ஒரு தனி உலகமே திறந்திருக்கிறது. 2022ல் ஸ்கூட்டர்கள் தீப்பிடித்து எரிந்த செய்திகள் நினைவிருக்கும், அதன்பிறகு பேட்டரிக்கான ஏஐஎஸ் 156 விதிகளை இறுக்கி அந்த வருடம் டிசம்பரிலிருந்து படிப்படியாக நடைமுறைக்குக் கொண்டுவந்தார்கள். ஒவ்வொரு செல்லின் வோல்டேஜையும் சில மில்லிவோல்ட் துல்லியத்தில் பார்த்து, வெப்பத்தைப் பார்த்து, எது தப்பினாலும் கணத்தில் துண்டிக்கிற போர்டையும் அதற்குள் இருக்கும் கோடையும் செய்பவர் இசிஇ படித்தவராகத்தான் இருப்பார், அல்லது இஇஇ. அந்தப் போர்டு தவறினால் ஒரு குடும்பம் வண்டி நிறுத்தியிருக்கும் வீட்டுக்குள் தீ. அந்தப் பொறுப்பு எனக்கு இந்தத் தொழிலில் ரொம்பப் பிடித்த விஷயம்.

உற்பத்தி என்றதும் முகம் சுளிக்கிறார்கள், "அசெம்ப்ளி லைன்ல நிக்கறதுக்கா இன்ஜினியரிங் படிச்சோம்" என்று. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2014ல் மூடியபோது அந்த வட்டாரமே முடிந்தது என்று பேசினார்கள். இன்றைக்கு ஃபாக்ஸ்கான், சாம்சங், ஃப்ளெக்ஸ், ஓசூர்ப் பக்கம் டாடா எலக்ட்ரானிக்ஸ். 2024-25ல் தமிழ்நாட்டின் எலக்ட்ரானிக்ஸ் ஏற்றுமதி 1,465 கோடி டாலர், நாட்டிலேயே முதலிடம். இந்த ஆலைகளில் ப்ராசஸ் இன்ஜினியர், டெஸ்ட் இன்ஜினியர் வேலை என்பது லைனில் நிற்பதோடு முடிவதில்லை. ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். 0402 என்ற அளவுக் கெப்பாசிட்டர் ஒரு மில்லிமீட்டர் நீளம், அரை மில்லிமீட்டர் அகலம். மெஷின் அதைச் சாலிடர் பசை மேல் வைக்கும், போர்டு ரீஃப்ளோ அடுப்புக்குள் போகும், ஈயமில்லாத சாலிடர் 217 டிகிரியில் உருகும். வெளியே வந்து பார்த்தால் சில கெப்பாசிட்டர்கள் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு செங்குத்தாக நிற்கும், டூம்ப்ஸ்டோன் என்பார்கள். ஏன்? ஒரு பேடு (கெப்பாசிட்டரின் முனையைச் சாலிடர் செய்யும் செம்புத் தளம்) பெரிய கிரவுண்டு செம்போடு நேராக ஒட்டியிருக்கிறது, அந்தப் பக்கம் சூடு ஏற நேரமாகிறது, மறுபக்கம் சாலிடர் முதலில் உருகி இழுத்துவிடுகிறது. அடுப்பின் வெப்பநிலையை மாற்றலாம், ஸ்டென்சிலை மாற்றலாம், ஆனால் சரியான தீர்வு போர்டை வரைந்தவர் அந்தப் பேடுக்குத் தெர்மல் ரிலீஃப் கொடுப்பதுதான், அதாவது கிரவுண்டு செம்போடு மெல்லிய கோடுகளால் மட்டும் இணைப்பதுதான். ஆலையில் ஒரு வருடம் இருந்துவிட்டு டிசைனுக்கு வருகிறவர் வரைகிற போர்டு தனியாகத் தெரியும். எங்கள் டீமில் போர்டு வரைவதில் என்னைவிடக் கெட்டிக்காரரான ஒரு அக்கா அப்படி ஆலையிலிருந்து வந்தவர்தான்.

அரசு வேலை விரும்புகிறவர்களுக்கு இஸ்ரோ இருக்கிறது, பெல் (பாரத் எலக்ட்ரானிக்ஸ்) நிறுவனம் தனியாக எடுக்கிறது, பிஏஆர்சிக்கு (பாபா அணு ஆராய்ச்சி மையம்) கேட் மதிப்பெண் உதவும். கல்பாக்கம் அணுசக்தி வளாகம், ராணுவ வண்டிகளை வடிவமைக்கிற ஆவடி சிவிஆர்டிஇ, நந்தம்பாக்கம் பெல் எல்லாம் பக்கத்திலேயே இருக்கின்றன. போட்டி கடுமை, இடங்கள் குறைவு, அதனால் அதையே நம்பி மூன்று நான்கு வருடம் வீட்டில் உட்காருவதை நான் ஆதரிப்பதில்லை. யாரும் பேசாத இன்னொரு துறை இஎம்சி டெஸ்டிங், அதாவது ஒரு கருவியின் மின்காந்த இரைச்சல் மற்ற கருவிகளைக் கெடுக்கிறதா, வெளி இரைச்சலை அது தாங்குகிறதா என்று சோதிப்பது. சென்னை தரமணியில் மத்திய அரசின் சமீர் மையம் இருக்கிறது, தனியார் லேபுகளும் உண்டு. பல பொருட்களுக்கு இந்தச் சோதனையில் தேறாமல் சந்தைக்கு வர வழியில்லை. எலக்ட்ரோமேக்னெடிக்ஸ் பிடித்த அபூர்வப் பிறவிகளுக்கு அங்கே நல்ல எதிர்காலம்.

சம்பளத்தை மறைத்துப் பேசுவதில் அர்த்தமில்லை. கோவை மாதிரி ஊரில் சின்ன டிசைன் கம்பெனி கொடுக்கிற தொடக்கச் சம்பளம் பெரிய ஐடி கம்பெனி கொடுப்பதைவிடக் குறைவாகத்தான் இருக்கும். சிப் டிசைன் கம்பெனிகளில் தொடக்கமே நன்றாக இருக்கும், ஆனால் உள்ளே போவது கடினம். எம்பெடட், ஹார்டுவேர் இரண்டிலும் முதல் மூன்று வருடம் பல்லைக் கடித்துக்கொண்டு கற்றுக்கொண்டால் அப்புறம் ஆளைத் தேடி வருவார்கள், ஏனென்றால் கோளாறைக் கண்டுபிடிக்கிற ஆட்கள் எங்கேயும் குறைவு. வீட்டில் உடனே பணம் தேவை, கல்விக் கடன் கழுத்தை நெரிக்கிறது என்றால் ஐடி வேலையை எடுத்துக்கொள்ளுங்கள், யாரும் உங்களைக் குறை சொல்லக்கூடாது. "பொண்ணுக்கு ஒத்துவருமா" என்று கேட்கிற பெற்றோருக்கும் பதில் இதே பத்தியில்: வெரிஃபிகேஷன், லேஅவுட், ஃபர்ம்வேர் எதிலும் பெண்கள் முன்னணியில் இருக்கிறார்கள். லேபில் இரவு எட்டு மணி வரை இருக்கவேண்டி வரும், வீடு திரும்ப வண்டி ஏற்பாடு உண்டா என்று கம்பெனியிடம் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

இனி படிக்கிற காலத்தில் என்ன செய்வது. என் ஒரே வேண்டுகோள்: நான்கு வருடத்துக்குள் ஒரு போர்டையாவது தொடக்கத்திலிருந்து முடிவு வரை நீங்களே செய்யுங்கள். வயலுக்கு ஈரப்பத மீட்டர், அம்மாவின் தண்ணீர்த் தொட்டிக்கு அலாரம், எதுவானாலும் சரி. கைகேட் என்ற இலவச சாஃப்ட்வேரில் சர்க்யூட் வரைந்து, லேஅவுட் போட்டு, செய்யக் கொடுத்து, சென்னை ரிச்சி ஸ்ட்ரீட்டிலோ ஆன்லைனிலோ பாகம் வாங்கி, உங்கள் கையால் சாலிடர் செய்து, வேலை செய்யாமல் போகும்போது ஏன் என்று அளந்து கண்டுபிடியுங்கள். பிரெட்போர்டில் ஆர்டுயினோவைச் செருகி யூடியூபில் இருக்கும் கோடை ஏற்றுவது தொடக்கத்துக்குச் சரி, அதோடு நின்றுவிடக்கூடாது. இறுதி ஆண்டு ப்ராஜெக்டை ரெடிமேடாக விற்கிற கடைகளுக்குப் போகாதீர்கள், இதை நான் கெஞ்சியே கேட்கிறேன். பணமும் போகிறது, இந்தப் படிப்பிலேயே உருப்படியாகக் கற்றுக்கொள்ளக் கிடைக்கிற ஒரே பெரிய வாய்ப்பும் போகிறது, இன்டர்வியூவில் "இந்த ரெசிஸ்டர் ஏன் 10 கிலோ ஓம்?" என்ற முதல் கேள்வியிலேயே விஷயம் வெளியே வந்துவிடும்.

பாலிடெக்னிக்கில் டிப்ளமோ முடித்துவிட்டு லேட்டரல் என்ட்ரியில் இரண்டாம் வருடம் சேர்கிற பிள்ளைகளுக்கு ஒரு வார்த்தை. கணக்கில் பின்தங்கியிருக்கிறோம் என்று கூச்சப்படுகிறீர்கள். சாலிடரிங் அயர்ன், மல்டிமீட்டர் பிடித்த உங்கள் கைக்கு இருக்கும் அனுபவம் வகுப்பில் மற்றவர்களுக்கு இல்லை. சர்க்யூட்ஸ், சிக்னல்ஸ் இரண்டுக்கும் முதல் செமஸ்டர் முழுக்கக் கூடுதல் நேரம் கொடுங்கள், பிறகு அவர்கள்தான் உங்களிடம் சந்தேகம் கேட்டு வருவார்கள்.

கல்லூரி தேர்ந்தெடுக்கிறவர்கள் கட்டடத்தையும் பேருந்தையும் பார்த்தது போதும், இசிஇ லேபைத் திறந்து காட்டச் சொல்லுங்கள். அங்கே படிக்கிற மூன்றாம் வருட மாணவரைத் தனியாகப் பிடித்து இதைக் கேளுங்கள்: ஆஸிலாஸ்கோப்பை ஒரு பெஞ்சுக்கு எத்தனை பேர் பகிர்கிறீர்கள், நான்கு மணிக்கு மேல் லேப் திறந்திருக்குமா, உடைந்தால் ஃபைன் போடுவார்கள் என்று பயந்து தொடாமல் இருக்கிறீர்களா, போன வருடம் எலக்ட்ரானிக்ஸ் கம்பெனி எத்தனை வந்தது, எத்தனை பேரை எடுத்தது. விளம்பரத்தில் வருகிற பிளேஸ்மென்ட் எண்ணிக்கையில் ஐடி வேலையையும் கோர் வேலையையும் (படித்த துறையிலேயே கிடைக்கும் வேலை) பிரித்துத் தரச் சொல்லுங்கள், தரவில்லை என்றால் அதுவும் ஒரு பதில்தான். இதையெல்லாம் விசாரித்த பிறகு சாய்ஸ் லிஸ்டைப் போடுங்கள், உங்களுக்கு நிஜமாகவே வேண்டிய வரிசையில் போடுங்கள், ஏனென்றால் உங்கள் ரேங்க் வரும்போது காலியாக இருக்கிற இடங்களில் நீங்கள் மேலே எழுதியதுதான் முதலில் ஒதுக்கப்படும்.